துரைமார் பந்து

எங்கள் தாத்தா ரக்பி என்ற சொல்லை ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்கு அது துரைமார் பந்து, தோட்டத்து வெள்ளைக்காரர்கள் ஆடும் பந்து. இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்த தொழிலாளி அவர். ஆட்டம் இருக்கிற வாரத்தில் மட்டும், காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் கங்காணி அவரையும் இன்னும் நாலைந்து பேரையும் மலைக்கு அனுப்பாமல் பிரித்து நிறுத்துவாராம். துரைமார் கிளப் மைதானத்துக்குப் போக வேண்டும். புல் வெட்டுவது, ரோலர் இழுப்பது, கடைசியாகக் கோடு போடுவது. முளையடித்துக் கயிறு கட்டி, வாளியில் கரைத்த சுண்ணாம்பைத் தும்புக்கட்டால் தொட்டுத் தொட்டுக் குனிந்தபடி நூறு யார் போக வேண்டும். மழை வந்தால் கோடு கரையும். சனிக்கிழமை காலையில் மறுபடி முதலிலிருந்து.

ஆட்டம் தொடங்கியதும் அவர்களுக்கு ரோலருக்குப் பக்கத்தில் இடம். நிற்கலாம், உட்கார்ந்தால் கங்காணி பார்ப்பார். அப்பா சின்னப் பையனாக அங்கே போயிருக்கிறார். சேற்றில் விழுந்து எழும்பும் துரைமாரைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்ததும், தாத்தா அவர் வாயைப் பொத்தியதும் எங்கள் வீட்டில் பலமுறை சொல்லப்பட்ட கதை.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்தக் கதை இல்லை. 1974இல் கொழும்பில் நடந்த ஆசிய ரக்பிப் போட்டி. இலங்கையில் 'ரக்பி ஏசியாட்' என்று சொல்வார்கள். அந்த ஆண்டு ஜப்பான் முதலிடம், இலங்கை இரண்டாமிடம். பதிவேட்டில் ஒரே வரி. அந்த வரிக்குள் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிய இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

இந்த ஆட்டம் இலங்கைக்கு வந்தது 1879இல், கொழும்பு ஃபுட்பால் கிளப்போடு. 1908இல் சங்கம் அமைந்தது. தேயிலை ஏறிய மலையெல்லாம் ஆட்டமும் ஏறியது: டிக்கோயா, திம்புள்ள, ஊவா, களனிப் பள்ளத்தாக்கு என்று தோட்டத் துரைமாருக்குத் தனித்தனிக் கிளப்புகள். ஒரு பக்கம் மட்டும் வேறு மாதிரி. கண்டி கிங்ஸ்வூட் கல்லூரியில் 1891இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்த எல். ஈ. பிளேஸ் இங்கிலாந்துக்காரர் இல்லை, இந்த ஊரிலேயே பிறந்த ஐரோப்பிய வம்சாவளிப் பறங்கியர். 1906இல் கிங்ஸ்வூடும் டிரினிட்டியும் மோதின. அங்கிருந்து கல்லூரி ரக்பி தனி வழியில் வளர்ந்தது. துரைமார் ரக்பி தன் வழியில் இருந்தது. இரண்டும் தேசிய அணியில் ஒன்றுகலக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அந்தக் காலத்தில் ஒரு தேசிய அணியின் தரத்தை எப்படி அளந்தார்கள்? கப்பலைப் பார்த்து அளந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். பெரிய அணி ஒன்று கப்பலில் வரும், கொழும்புத் துறைமுகத்தில் இறங்கும், ஓர் ஆட்டம் ஆடும், போகும். 1950 செப்டம்பர் 18 அப்படி ஒரு நாள். நியூசிலாந்து, ஆஸ்திரேலியா சுற்றுப்பயணத்தை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் லயன்ஸ் அணி இலங்கையை 44க்கு 6 என்று வென்றது. இலங்கை அணியிலும் பெரும்பாலானோர் வெள்ளையர்கள். அவர்களுக்கு நடுவே ஆடிய ஒருவர் நம்மவர்: சும்மா நவரத்தினம். பிற்பாடு ஆசியாவின் அதிவேக ஓட்டக்காரர் என்று பெயர் வாங்கினார், இலங்கை ரக்பியில் பயிற்சியாளராகவும் நீண்ட காலம் இருந்தார். மலையகத்தில் பிறந்த எனக்கு அந்தப் பெயரைக் கேட்டபோது வந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. ரோலருக்கு இந்தப் பக்கம் மட்டும்தான் நம் ஆட்கள் இருந்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

லயன்ஸ் போன்ற அணிகளிடம் தோற்றுப் பழகிய நாடுகள் பல ஆசியாவில் இருந்தன. ஒன்றோடு ஒன்று முறையாக ஆடிப் பார்க்க ஓர் ஏற்பாடு இல்லை. 1968 டிசம்பரில்தான் எட்டு நாடுகள் சேர்ந்து ஆசிய ரக்பிச் சங்கத்தைத் தொடங்கின: ஹாங்காங், ஜப்பான், கொரியா, மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, தைவான், தாய்லாந்து. இந்தியா அந்த எட்டில் இல்லை. இத்தனைக்கும் கல்கத்தா ரக்பிக் கிளப் கலைந்தபோது மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்த கோப்பைக்காக இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879இலிருந்து மோதுகின்றன. இந்தியா தன் முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடியதோ 1998இல்.

அந்த எட்டுப் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு நான் ரொம்ப நேரம் பார்த்திருக்கிறேன். 1968இலிருந்து இருபத்தைந்து வருடம் பின்னால் போனால் அந்தத் தாள் ஒரு போர் வரைபடம். ஹாங்காங், மலாயா, சிங்கப்பூர் மூன்றும் ஜப்பானியப் படையிடம் விழுந்தவை. கொரியாவும் தைவானும் ஜப்பானின் குடியேற்ற நாடுகள். தாய்லாந்து வழியாகத்தான் சயாம் மரண ரயில்பாதை போனது, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரமாயிரமாய்ச் செத்து விழுந்த பாதை. கொழும்பின் மீது 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. நாலு நாள் கழித்துத் திருகோணமலையில். இந்த நாடுகள் ஜப்பானோடு ஒரே மேசையில் உட்கார்ந்து, நீ என் ஊருக்கு வா, நான் உன் ஊருக்கு வருகிறேன் என்று பேசியிருக்கின்றன.

ஜப்பான் தரப்பில் இதற்காக ஓடியாடியவர்களில் ஒருவர் ஷிகெரு கொன்னோ. ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழிபோல வரும். போரின் கடைசியில் கமிகாசே விமானியாகப் பயிற்சி பெற்றார். விமானத்தோடு போய் மோதிச் சாக வேண்டிய முறை வருவதற்கு முன்னால் போர் முடிந்தது. மிச்சம் கிடைத்த வாழ்நாளின் பெரும்பகுதியை ரக்பிக்குக் கொடுத்தார், நாடு நாடாகப் போய் ஆட்கள் பிடித்தார். சாகப் பயிற்சி கொடுக்கப்பட்ட ஒருவர் விருந்தாளிகளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்கு இந்தப் போட்டியின் வரலாற்றில் மிகப் பிடித்த மனிதர் அவர்தான்.

முதல் போட்டி 1969இல் டோக்கியோவில் நடந்தது. ஜப்பான் வென்றது, கொரியா இரண்டாவது. ஜப்பானும் தென் கொரியாவும் தூதரக உறவை ஒழுங்குபடுத்திக்கொண்டது 1965இல். நாலே வருடத்தில் கொரிய இளைஞர்கள் டோக்கியோவில் இறங்கி ஜப்பானியத் தோளோடு தோள் கோத்து, முட்டித் தள்ளிப் பந்துக்குப் போராடும் ஸ்க்ரம் பிடிக்கிறார்கள். ஸ்க்ரம்மில் நின்றவர்களுக்குத் தெரியும், எதிராளியின் மூச்சு உங்கள் காதில் விழும். அன்றைக்கு அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்ற கேள்வி என்னை விடுவதே இல்லை.

பிறகு 1970இல் பாங்காக், 1972இல் ஹாங்காங், 1974இல் கொழும்பு. அதற்கப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வோர் ஊர். முதல் ஏழு போட்டிகளையும் ஜப்பான் ஒன்றுவிடாமல் வென்றது.

ஏன் ஜப்பான் மட்டும்? கெய்யோ பல்கலைக்கழகத்தில் 1899இலேயே ஆட்டம் வேரூன்றிவிட்டது. கெய்யோ, வசேதா, மெய்ஜி என்று பல்கலைக்கழகங்களுக்குள் மூண்ட போட்டி, படிப்பு முடிந்ததும் வேலையும் அணியும் சேர்த்துக் கொடுத்த நிறுவனங்கள், இவை ஒரு காரணம். இன்னொரு காரணம் ஒரு மனிதர். 1966இல் தேசிய அணியைப் பொறுப்பேற்ற வசேதாக்காரர் தெத்சுனொசுகே ஒனிஷி, 'நம் ஆட்கள் குள்ளம், எடை குறைவு' என்பதை வருத்தமாகச் சொல்லாமல் ஆட்டத்தின் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொண்டார். அவர் கொடுத்த மந்திரம் மூன்று சொல்: பந்தை அகலமாக விரி, எதிராளியின் முகத்துக்கு நேரே நெருங்கிப் போ, விடாமல் தொடர். எதிராளியிடமிருந்து விலகி ஓடினால் அவன் எடை உன்னை வந்து பிடிக்கும். கைநீட்டினால் தொடும் தூரம்வரை போய்ப் பந்தைக் கைமாற்றினால் அவன் எடை அவனுக்கே பாரம்.

லைன் அவுட்டை எடுத்துக்கொள்ளுங்கள், பக்கக் கோட்டைத் தாண்டிய பந்தை வரிசையாய் நிற்கும் இரண்டு அணிக்கும் நடுவே எறிவது. இன்றைக்குப் பார்க்கிறவர்கள் ஒரு வீரரை இரண்டு பேர் இடுப்போடு தூக்கி நிறுத்துவதைத்தான் லைன் அவுட் என்று நினைப்பார்கள். அன்று தூக்கக் கூடாது, சட்டம் அப்படி. எவன் உயரமோ, எவன் எம்பிக் குதிக்கிறானோ அவனுக்கே பந்து. குள்ளமான அணிக்கு அது ஒவ்வொரு முறையும் தோல்வி. ஜப்பானியர்கள் வரிசையில் ஆட்களைக் குறைத்தார்கள், எதிரணி அணிவகுத்து முடிப்பதற்குள் பந்தைத் தாழ்வாகச் சட்டென்று எறிந்தார்கள். 1968 ஜூனில் வெலிங்டனில் நியூசிலாந்தின் இளையோர் அணியான ஜூனியர் ஆல் பிளாக்ஸை 23க்கு 19 என்று வென்றது இந்த ஆட்டம்தான். ஓரத்தில், விங்கில், ஆடிய யோஷிஹிரோ சகாதா அன்று நாலு ட்ரை போட்டார், அதாவது நாலு முறை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்தார்.

இடையில் ஒரு சின்ன விஷயம், பழைய ஸ்கோர்களைப் படிக்கிறவர்களுக்காக. 1969இல் ஒரு ட்ரைக்கு 3 புள்ளி. 1971இல் அது 4 ஆனது, 1992இல் 5. ஆகவே முதல் இரண்டு ஆசியப் போட்டிகளின் எண்களை இன்றைய கண்ணால் பார்த்தால் ஆட்டம் சப்பென்று தெரியும். சகாதாவின் நாலு ட்ரை அன்று 12, இன்று 20. பழைய காலத்தில் ஆட்டம் மந்தம் என்று சொல்கிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆனால் அதே ஜப்பான் வெளியே போனால் அடியும் வாங்கியது. 1973இல் கார்டிஃபில் வேல்ஸ் அவர்களை 62க்கு 14 என்று வென்றது. அடுத்த வருடம் கொழும்பில் இறங்கிய ஜப்பான் அப்படி அடிபட்டுப் படித்த ஜப்பான். இதைச் சேர்த்துப் பார்த்தால்தான் இலங்கையின் இரண்டாமிடம் என்ன என்று தெரியும்.

இனி 1974. ஒரு தமிழனிடம் அந்த வருடத்தைச் சொன்னால் முதலில் வருவது ஜனவரி 10, யாழ்ப்பாணம். தமிழாராய்ச்சி மாநாட்டின் நிறைவு நாளில் உயிர்கள் போன இரவு. மலையகத்தில் கேட்டால் இன்னொன்றும் வரும்: பட்டினி. கூப்பன் அரிசி குறைந்தது, கோதுமை மா குறைந்தது, பாண் வாங்க விடியுமுன் வரிசை. அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டுபோக முடியாது, பொலிஸ் பையைத் திறந்து பார்க்கும். சமவெளியில் ஒரு துண்டு நிலமிருந்தால் மரவள்ளியாவது நடலாம். தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் என்ன நடுவது? தோட்டங்களில் சாவு எண்ணிக்கை ஏறிய காலம் அது. எங்கள் அப்பாவுக்கு அப்போது பதினேழு வயது. ஒரு வாய் குறையட்டும் என்று கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள். புறக்கோட்டையில் ஒரு மளிகைக் கடை, மூட்டை தூக்குகிற வேலை, படுக்கை கடைக்குள்ளேயே.

எங்கள் லயத்து ஆள் ஒருவர் கொழும்பில் ஒரு மைதானத்தில் வேலை பார்த்தார். அப்பா அவரை மாமா என்றுதான் கூப்பிடுவார். "வாடா, சீமை ஆளுங்க இல்லாத பந்து ஒண்ணு நடக்குது, காட்டறேன்" என்று அவர்தான் ஒருநாள் பின்வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு போனாராம். போய் எங்கே நிறுத்தினார் தெரியுமா? ரோலருக்குப் பக்கத்தில்.

அப்பாவுக்கு யார் யார் ஆடினார்கள், எத்தனை புள்ளி, எதுவும் நினைவில்லை. நான் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். அவர் சொல்வது வேறு. ஒன்று, பந்து. "டேய், துரைமாரு ஆட்டத்துல பந்து பாதி நேரம் கண்ணுக்கே தெரியாது, ஆளுங்க மேல ஆளுங்க கெடப்பாங்க. இவனுங்க கிட்ட பந்து நிக்கவே இல்லடா. கைக்குக் கை, கைக்குக் கை, நம்ம பொம்பளைங்க கொழுந்து எடுக்கற மாதிரி." அவர் ஜப்பானியர்களைச் சொன்னார். ஒனிஷியின் பெயர் அவருக்குத் தெரியாது. மந்திரத்தைக் கண்ணால் படித்திருக்கிறார்.

இரண்டாவது, ஆட்களின் நிறமும் உயரமும். இலங்கை ஜெர்சியில் இருந்தவர்கள் கடைக்கு வருகிறவர்கள் மாதிரி இருந்தார்களாம். எதிரே நின்றவர்களும் உயரத்தில் பெரிய வித்தியாசமில்லை. அப்பாவுக்கு அந்த ஆட்டம் என்றாலே மேலே அண்ணாந்து பார்க்கிற ஒன்று. அன்றைக்கு முதல்முறையாக நேராகப் பார்த்திருக்கிறார்.

மூன்றாவது, கச்சான். மாமா வாங்கிக் கொடுத்த கச்சான் சுருள். அந்த வருடத்தில் வயிறு நிறைய எதையாவது தின்ற நாள்களை அவர் விரல்விட்டு எண்ணுவார். அதில் இது ஒன்று.

இறுதி ஆட்டத்தில் ஜப்பான் இலங்கையை வென்றது. இலங்கைக்கு இரண்டாமிடம், ஆசியாவில் இரண்டாமிடம். இதை உள்ளூர் சாதகம் என்று சிலர் தள்ளிவிடுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சம்பளம் வாங்கி ஆடியவர்கள் இல்லை அவர்கள். 1995வரை இந்த ஆட்டத்தில் காசுக்கு ஆடுவதே குற்றம். அலுவலகத்தில் வேலை, படையில் வேலை, தோட்டத்தில் வேலை, மாலையில் பயிற்சி. நாட்டில் அந்நியச் செலாவணி இல்லாததால் வெளியிலிருந்து வரும் சாமான் எல்லாமே தட்டுப்பாடு. மழையில் நனைந்தால் தோல் பந்து கல் மாதிரி கனக்கும், அதையே காய வைத்து மறுபடி ஆட வேண்டும். இந்த நிலையில் ஆசியாவின் அணிகளைக் கூப்பிட்டு, படுக்கை கொடுத்து, சாப்பாடு போட்டு, தானும் கடைசி ஆட்டம்வரை நின்ற நாடு இது.

குண்டு போட்டவர்களைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பதையும் நான் மறக்கவில்லை. 1951இல் சான் ஃபிரான்சிஸ்கோ மாநாட்டில் ஜே. ஆர். ஜயவர்தன, வெறுப்பு வெறுப்பால் தணிவதில்லை என்ற தம்மபத வாக்கைச் சொல்லி, ஜப்பானிடம் இழப்பீடு வேண்டாம் என்றார். அந்த வாக்கு அவருடைய சொந்த நாட்டுக்குள் பின்னாளில் என்ன ஆனது என்பதை 1983இல் எங்கள் குடும்பமும் பார்த்தது. அந்தக் கடை எரிந்தது. அப்பா மலைக்கே திரும்பிவிட்டார். அதைத் தனியாக எழுத வேண்டும், இங்கே வேண்டாம்.

1976 முதல் 1990வரை இறுதி ஆட்டம் என்றால் ஜப்பானும் கொரியாவும்தான். 1982இல் சிங்கப்பூரில் கொரியா முதல்முறையாக ஜப்பானை வீழ்த்திக் கிண்ணத்தை எடுத்தது. பிறகு 1986, 1988, 1990. அந்த 1990ஆம் ஆண்டுப் போட்டி மறுபடி கொழும்பில். இலங்கையோ 1974இன் உயரத்துக்கு வரவே இல்லை. பின்னாளில் ஹாங்காங் செவன்ஸ் போன்ற ஏழு பேர் ஆட்டத்தில் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்தது. பதினைந்து பேர் ஆட்டத்தில் கிடைத்தது அந்த ஒரு வருடம்தான்.

2015 செப்டம்பரில் பிரைட்டனில் ஜப்பான் தென்னாப்பிரிக்காவை 34க்கு 32 என்று வென்றபோது நானும் அப்பாவும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம். கடைசி நிமிடத்தில் பெனால்டி உதையை வேண்டாம் என்று விட்டுவிட்டு, ஸ்க்ரம் கேட்டு, இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று பந்தை விரித்து, மூலையில் போய் ட்ரை. அப்பா எழுந்து நின்றுவிட்டார். உலகம் முழுக்க அதிசயம் என்று கத்திக்கொண்டிருந்தது. அவர் மட்டும், "இதத்தான்டா அன்னிக்கும் செஞ்சானுங்க" என்றார்.

அவர் 1975 தைப்பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது தாத்தாவிடம் இதையெல்லாம் சொல்லியிருக்கிறார். நம்ம நெறத்து ஆளுங்க ஆடினாங்கப்பா, எதிர்ல ஜப்பான்காரன், துரை ஒருத்தன்கூட இல்ல, கூட்டம் கத்துது. தாத்தா அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டிருக்கிறார். அவர் கைவிரல் இடுக்குகளில் சுண்ணாம்பு அரித்த வெள்ளைத் தழும்பு இருக்கும், நானே பார்த்திருக்கிறேன். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்.

"கோடு நேரா இருந்துச்சா?"